தகட்டின் முதுகு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில், பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே, அரசிலை வடிவில் ஒரு வெள்ளித் தகடு கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நடுவே தாமரை, சுற்றிலும் கொடி, மேல்முனைகள் இரண்டிலும் ஒவ்வொரு வளையம். "செட்டியார் வீட்டுச் சாமான்ணே. மலாயாவுலேர்ந்து வந்தது" என்றார் கடைக்காரர். எனக்கோ பார்த்த கணமே அது நம்மூர் அரைமூடி. உடுத்தத் தொடங்காத சிறுமிகளுக்கு அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிவிடும் தகடு. அரசிலை என்றே அதற்கு ஒரு பெயரும் உண்டு.

ஆனால் கடைக்காரரை மறுக்கவும் முடியவில்லை. மலாய் மக்களிடமும் இதே வழக்கம் இருந்தது. சாப்பிங் என்ற பெயரில் இதே இலை வடிவத் தகட்டை, இதே வயதுப் பிள்ளைகளுக்கு, இதே இடத்தில் கட்டினார்கள். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்தி, தேக்கும் பீங்கானும் வெள்ளியுமாகக் கப்பலில் கொண்டுவந்து வீட்டை நிறைத்தவர்கள். ஆக, அந்தத் தகடு கடல் தாண்டி வந்ததாகவும் இருக்கலாம். பக்கத்துத் தெருப் பத்தர் அடித்ததாகவும் இருக்கலாம். இதே வடிவத்தைச் சற்றுப் பெரிதாக்கி, நடுவில் சூதுபவளம் பதித்து, தங்க முலாம் பூசினால் மத்திய ஆசியாவின் துருக்மேன் பெண்கள் சடையில் கட்டி முதுகில் தொங்கவிட்ட 'அசிக்' ஆகிவிடும். ஐரோப்பிய வியாபாரியின் கண்ணுக்கு இவை மூன்றும் இதயம். நமக்கு அரசிலை. துருக்மேன் அசிக்கின் வடிவத்தை அம்புமுனையோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு.

பழைய வெள்ளி நகையின் ஊரை அதன் வேலைப்பாட்டு வடிவங்களைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்பது சேகரிப்பாளர்களிடம் வேரூன்றிய நம்பிக்கை. மயில் என்றால் இன்ன இடம், பிறை என்றால் இன்ன மதம், மீன் என்றால் இன்ன கரை என்று பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். பல ஆண்டுகளாக இந்த நகைகளைப் பார்த்தும் படித்தும் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முகப்பில் இருக்கும் உருவத்தைப் போல ஆளை ஏமாற்றும் சாட்சி வேறில்லை. "இது எந்த ஊர்?" என்று கேட்கும்போது நாம் மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். எங்கே செய்தது, யார் அணிந்தது, எங்கே விற்றது. உருவம் இரண்டாவது கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும். மற்ற இரண்டிற்கும் அதனிடம் போவதில் பயனில்லை.

ஆட்டுக்கடாவின் சுருள்கொம்பை எடுத்துக்கொள்வோம். துருக்மேன் நகையில் அது இருக்கிறது. கசாக்கியரிடம் இருக்கிறது, கிர்கிஸ்களிடம் இருக்கிறது. அவர்களுடைய கம்பளங்களிலும் நமதா என்னும் கம்பளி விரிப்புகளிலும் இருக்கிறது. கொம்பைக் கண்டதும் புல்வெளியில் ஆடு மேய்த்த துருக்கிய இனங்களின் உலகம் என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. பிறை இன்னும் மோசம். இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ரோமானியச் சிறுமிகள் பிறை வடிவத் தொங்கலை அணிந்திருக்கிறார்கள். தாயத்துக் குழலோ எல்லையே அறியாதது. இரு முனையும் மூடிய உருளை, மேலே தொங்கவிட வளையங்கள், உள்ளே எழுதிச் சுருட்டிய ஓலையோ தாளோ. ஓமானில் தாயத்துக்கூடு 'ஹிர்ஸ்', துருக்மேன்களிடம் 'தூமார்', வட இந்தியாவில் 'தாவீஸ்'. பிள்ளையைக் கண்ணேறு அண்டக்கூடாது என்ற அச்சம் எங்கும் ஒன்றுதான் என்பதால் வடிவமும் ஒன்றாகிவிட்டது.

உருவம் ஒருபோதும் பேசாது என்பதல்ல. தாகெஸ்தானில் கூபாச்சி என்றொரு மலைக்கிராமம். குத்துவாள் உறையும் பெண்களின் இடைக்கச்சையும் செய்து புகழ்பெற்ற ஊர். வெள்ளியில் செதுக்கிய பள்ளங்களில் நீல்லோ எனப்படும் கரும்பூச்சை உருக்கி நிரப்புவார்கள். அங்கே கொடி வேலைப்பாட்டுக்கு இலக்கணமே உண்டு. நடுத்தண்டின் இருபுறமும் சமமாகக் கிளைக்கும் கொடி 'தூத்தா'. தொடக்கமும் முடிவும் தெரியாமல் புதர்போல் பரவுவது 'மார்ஹராய்'. இந்த இலக்கணத்தில் பழகிய கண், ரஷ்யப் பேரரசின் 84 என்ற முத்திரை இல்லாமலேயே அந்தக் கையை அடையாளம் காணும். 84 என்பது அவர்களுடைய பழைய அளவில் வெள்ளியின் தரம். நம் கணக்கில் 875. ஆனால் கூபாச்சிக் கொல்லர்கள் ஊரோடு இருந்துவிடவில்லை. திபிலிசி, பாகு என்று பெருநகரங்களுக்குப் போய்ப் பட்டறை போட்டார்கள். கை கூபாச்சி, பட்டறை திபிலிசி, கச்சையைக் கட்டியவள் வேறொருத்தி. மூன்று கேள்வி என்றேனே, அதுதான்.

துருக்மேன்களுக்குள் தேக்கே, யோமுட் என்னும் குலங்கள் இரண்டையும் பிரிப்பதும் இப்படியொரு நுட்பமான வேலை. இரண்டிலும் உருவங்கள் பெரும்பாலும் பொது. தேக்கே நகையில் தங்க முலாம் பூசிய பரப்பில் கொடி செதுக்கப்பட்டிருக்கும், பல இடங்களில் தகடு அறுத்துத் துளையிடப்பட்டிருக்கும். யோமுட் நகையில் வெள்ளி வெள்ளியாகவே விடப்பட்டு, அச்சில் அடித்த முலாம் பூசிய சிறு சாய்சதுரத் துண்டுகள் மேலே ஒட்டப்பட்டிருக்கும். எது வரையப்பட்டிருக்கிறது என்பதைவிட எப்படி இடம் நிரப்பப்பட்டிருக்கிறது என்பதே குலத்தைச் சொல்கிறது. ஷ்லெட்ஸர்கள் இருவர் 1980களில் எழுதிய துருக்மேன் வெள்ளி நூலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்து உல்ஃப் சேகரிப்பைப் பற்றி லைலா திபா 2011இல் எழுதிய நூலும் படங்களாகவே இதைக் கற்றுத்தருகின்றன.

எனாமல் வேலைக்கு வந்தால் நிறமே ஊர் சொல்லும் என்பார்கள். பாதி உண்மை. அல்ஜீரியாவின் கபிலி மலையில் பெனி யென்னி ஊர்க் கொல்லர்கள் வெள்ளிக் கம்பியால் பாத்தி கட்டி நீலம், பச்சை, மஞ்சள் எனாமலை நிரப்புவார்கள். சிவப்பு மட்டும் எனாமலில் வராது. அந்த இடத்தில் மத்தியதரைக் கடற்பவளம் உட்கார்ந்திருக்கும். 'தாப்சிம்த்' என்னும் அவர்களுடைய பெரிய வட்ட ஊக்கைத் திருப்பிப் பார்த்தால் யார் கண்ணிலும் படாத பின்புறத்திலும் எனாமல் இருக்கும். அதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. மேற்கே மொராக்கோவின் தீஸ்னித் பக்கம் போனால் பச்சையும் மஞ்சளும் மேலோங்கும், ஊக்கு முக்கோணமாகும். இவ்வளவில் எல்லாம் தெளிவு. இமயமலை அடிவாரத்துக் காங்ராவுக்கு வந்தால் நீலமும் பச்சையும்; லக்னோவின் வெள்ளி எனாமலிலும் நீலமும் பச்சையும். அங்கே நிறத்தை விட்டுவிட்டு நகையின் வகையைப் பார்க்கவேண்டியிருக்கிறது. மலைப்பெண்ணின் தலைக்குடைப் பூவா, நவாப் வீட்டு ஹுக்காவா?

இந்தத் துறையில் செய்தவனும் அணிந்தவளும் ஒரே இனம் என்று எண்ணிவிடுவதுதான் பெரிய பிழை. உலகத்தின் பெரும்பகுதியில் அது அப்படி இல்லை. கச்சில் ரபாரிப் பெண்ணின் காதுக்கு நகை செய்தவர் சோனி என்னும் கொல்லர் சாதிக்காரர். எந்தச் சாதிப் பெண்ணுக்கு எந்த வடிவம் என்பது அவர் மனத்தில் இருந்த கணக்கு. லாசாவில் திபெத்தியருக்கு வெள்ளி வேலை செய்தவர்களில் நேபாளத்திலிருந்து போன நேவார்கள் உண்டு. ஒட்டோமான் ஆட்சியில் வான் நகரின் கரும்பூச்சு வேலை ஆர்மீனியர்களுடையது. சகாராவில் துவாரெக் பிரபுக்களுக்கு நகை வார்த்தவர்கள் 'இனாதன்' என்னும் தனிக் கொல்லர் குலம். இந்த வரிசையில் யெமனின் கதை எனக்கு மிக நெருக்கமானது.

யெமனில் வெள்ளித் தொழில் பெரும்பாலும் யூதர்களின் கையில் இருந்தது. சனாவின் பவுசானி குடும்பத்தார் மயிரிழைக் கம்பியில் செய்த வேலை இன்றும் அந்தத் தொழிலின் உச்சம். பதீஹி என்பதும் அப்படியொரு குடும்பப் பெயர், பின்னால் ஒரு பாணியின் பெயராகவே நிலைத்தது. முஸ்லிம் பெண்ணுக்கும் யூதப் பெண்ணுக்கும் அதே கொல்லர், அதே கம்பி, அதே குருணை. கழுத்தில் அடுக்கடுக்காக இறங்கும் 'லப்பா'வைப் பார்த்து அதை அணிந்தவளின் மதத்தைச் சொல்ல முடியாது. சில கொல்லர்கள் தங்கள் பெயரை அரபு எழுத்தில் சிறு முத்திரையாக அடித்தார்கள்; ஆகவே அரபு எழுத்தைக் கண்டு முஸ்லிம் வேலை என்று எழுதுவது தலைகீழான முடிவு. 1949-50இல் ஏறத்தாழ 49,000 யெமன் யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தொழிலும் அவர்களோடு போயிற்று. அங்கேயும் அதே கைகள் அதே வேலையைத் தொடர்ந்தன, இப்போது வேறொரு சந்தைக்கு. உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு 1930இன் சனா வேலையையும் 1955இன் டெல் அவிவ் வேலையையும் பிரிக்கமுடியாது. யெமனில் வாழ்ந்து, பெண்களிடமே கேட்டுச் சேகரித்த அமெரிக்கத் தூதரக அதிகாரி மார்ஜரி ரான்சம், 2014இல் வெளியிட்ட நூலை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து எழுதியிருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. உருவத்திலிருந்து ஊருக்குப் போகாமல் ஊரிலிருந்து நகைக்கு வருகிறார்.

உலோகத்துக்கு வருவோம். வெள்ளி விளையாத ஊர்களில் நாணயமே தாது. ஆஸ்திரிய அரசி மரியா தெரசா 1780இல் இறந்தார். அவர் உருவம் பொறித்த தாலர் நாணயம் அதன் பிறகும் அதே ஆண்டைத் தாங்கியே அச்சாயிற்று. வியன்னாவில் மட்டுமல்ல, லண்டனிலும் ரோமிலும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் பம்பாய் நாணயச்சாலையிலும்கூட. எடை 28 கிராம் சொச்சம், தரம் 833. யெமன், ஓமான், எத்தியோப்பியா மூன்றிலும் அதை உருக்கித்தான் நகை. நாணயத்தையே கோத்த மாலையைக் கண்டு "1780ஆம் ஆண்டு நகை" என்று சொல்லும் விற்பனையாளர்கள் இன்றும் உண்டு. பர்மாவும் தாய்லாந்தும் லாவோஸும் கூடும் மலைகளில் அகா பெண்களின் தலையணியில் பிரிட்டிஷ் இந்திய ரூபாய் தொங்கும். பக்கத்திலேயே பிரெஞ்சு இந்தோசீனத்தின் பியாஸ்தர். நம் ரூபாயின் தரம் 917, பியாஸ்தரின் தரம் 900. அந்தத் தலையணியில் முகப்பில் இருக்கும் உருவம் ஐந்தாம் ஜார்ஜ்! உருவம்தான் ஊர் என்றால் அகா மக்களை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தரத்தை அளப்பது உதவும், ஒரு எச்சரிக்கையோடு. எக்ஸ் கதிர்க் கருவி மேல்தோலைத்தான் வாசிக்கும். நம் ஆசாரிகள் வேலை முடிந்ததும் புளித்தண்ணீரில் வெளுப்பார்கள். மேல்தோலில் இருக்கும் செம்பை அது தின்றுவிடும். மிஞ்சும் பரப்பில் வெள்ளி கூடித் தெரியும். மறைவான இடத்தில் சற்றே சுரண்டிய பிறகு வாசித்தால்தான் உண்மைத் தரம்.

கல்லும் அலைந்து திரிந்ததுதான். துவாரெக் பெண்கள் சடையிலும் கழுத்திலும் தொங்கவிட்ட 'தல்ஹாகிம்த்' என்ற சிவந்த தொங்கல், சகாராவின் ஆன்மா என்று படங்களில் எழுதப்படும். கல் குஜராத்தின் கம்பாத்திலிருந்து போனது. பிறகு ஜெர்மனியின் ஈடார்-ஓபர்ஷ்டைன் பட்டறைகள் அதே வடிவத்தை அகேட் கல்லில் அறுத்து அனுப்பின. அதன்பின் பொஹீமியக் கண்ணாடி.

இனி முதுகுப்புறம். நகையைக் கையில் எடுத்ததும் நான் செய்வது திருப்புவதுதான். முன்புறம் வாங்குபவளுக்காகச் செய்தது. அங்கே கொல்லன் அவள் கேட்டதைச் செய்வான். பின்புறத்தில் அவன் தன் பழக்கப்படி நடப்பான். வளையத்தை எப்படிப் பற்றவைத்தான்? கம்பியின் முனையைத் தட்டி நசுக்கினானா, சுருட்டினானா? பொடி வைத்து ஊதிய இடத்தில் பற்றாசு வழிந்து நிற்கிறதா, அரம் போட்டு எடுத்தானா? உள்ளீடற்ற காப்பு என்றால் உள்ளே என்ன? இந்திய வேலையில் பெரும்பாலும் அரக்கு இருக்கும்; வெடித்த ஓட்டை வழியே பழுப்பாக எட்டிப்பார்க்கும். பூட்டைப் பார்க்கவேண்டும். நம் பக்கத்துப் பழைய திருகாணிகளில் மரை வெட்டியிருக்காது. மெல்லிய கம்பியைத் தண்டின்மேல் சுற்றிப் பற்றவைத்திருப்பார்கள், சுரைக்குள்ளும் அப்படியே. தாமரையையும் மயிலையும் யாரும் பார்த்துச் செய்துவிடலாம். கையின் இந்தப் பழக்கத்தைப் பார்த்துச் செய்ய யாருக்கும் தோன்றுவதில்லை, தோன்றினாலும் அதற்குக் கூலி கட்டாது.

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. மதுரை அவையில் வழக்காகிப்போனது ஒரு சிலம்பின் உரிமைதான். அது பொற்சிலம்பு, வெள்ளியல்ல. ஆனாலும் முறை ஒன்று. வெளித்தோற்றத்தில் அரசியின் சிலம்புக்கும் கண்ணகியின் சிலம்புக்கும் வேறுபாடு காட்ட முடியவில்லை. அந்த ஒற்றுமைதான் பொற்கொல்லனின் பொய்க்கு இடம் கொடுத்தது. உள்ளே முத்துப் பரலா மாணிக்கப் பரலா என்று உடைத்துப் பார்த்தபோது வழக்கு முடிந்தது. உட்குழிந்த தண்டையைக் காதருகே வைத்துக் குலுக்கும் போதெல்லாம் எனக்கு அந்த அவை நினைவுக்கு வரும்.

தேய்மானம் இன்னொரு நேர்மையான சாட்சி. அணிந்த நகை எங்கே உராயுமோ அங்கேதான் தேயும். தண்டையின் உள்விளிம்பு, ஊக்கின் கூர்முனை, தொங்கலின் வளையத்தில் கயிறு படும் மேற்பக்கம். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் மழுங்கிக் கிடந்தால் அது காலம் செய்த வேலையல்ல. மாலையாகக் கோத்த நகை என்றால் நூலை நம்பக்கூடாது. மணிகள் பழையவையாக இருக்க, கோத்தவர் போன வருடத்து வியாபாரியாக இருக்கலாம்.

வியாபாரம் உருவங்களுக்குப் பெயரும் பொருளும் கொடுக்கும் வேகம் அச்சமூட்டுவது. நைஜரின் அகதேஸ் சிலுவை மெழுகு அச்சில் வார்த்த துவாரெக் தொங்கல். கிறித்தவத்துக்கும் அதற்கும் உறவு நிறுவப்படவில்லை. 'சிலுவை' என்பது ஐரோப்பியர் கண் வைத்த பெயர். இன்று ஊருக்கு ஒன்றாக 21 சிலுவைகள் என்று அட்டையில் வரிசையாகக் குத்தி விற்கிறார்கள். அவற்றில் பல 20ஆம் நூற்றாண்டில், வாங்க வந்தவர்களுக்காக வடிவம் பெற்றவை. ஆப்கானிஸ்தானிலிருந்து 1979க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் பெஷாவரில் விற்ற நகைகள், உடைந்தவையும் முழுமையானவையுமாக, கலந்து கோக்கப்பட்டுப் புதிய 'பழைய' நகைகளாயின. சீனாவின் குய்சோவில் மியாவோ பெண்களின் கொம்பு வைத்த தலையணி உலகப் புகழ் பெற்றது; இன்று 'மியாவோ வெள்ளி' என்று கடையில் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். உருவம் அத்தனையும் சரியாக இருக்கும். வெள்ளிதான் இருக்காது.

அருங்காட்சியகச் சீட்டுகளையும் நான் கண்மூடி ஏற்பதில்லை. பழைய சீட்டுகளில் ஊர்ப்பெயர் என்று இருப்பது பெரும்பாலும் வாங்கிய ஊர். மலையில் செய்து, மலையில் அணிந்து, கீழே சந்தை நகரத்தில் விற்ற நகை சந்தையின் பெயரைத் தாங்கி நிற்கும். ஆயினும் காலத்தை நிறுவ அவைதாம் கதி. 1867 பாரிஸ் கண்காட்சியில் காஸ்தெல்லானி காட்டிய இத்தாலியக் குடியானவர் நகைகளை லண்டனின் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் வாங்கியது. அவை அந்த ஆண்டுக்கு முந்தையவை என்பதில் ஐயமில்லை. அந்த ஒரு உறுதி இலட்சம் உருவ ஒப்பீடுகளுக்குச் சமம். இந்தியாவுக்கு ஹெண்ட்லி 1906 முதல் 1909 வரை வெளியிட்ட படங்கள் அப்படிப்பட்ட ஆணி. ஒப்பி அன்ட்ராக்ட் 1997இல் எழுதிய பெருநூல் அதன்மேல் எழுந்தது. அன்ட்ராக்ட் தாமே உலோக வேலை தெரிந்தவர் என்பதால் பற்றாசும் திருகும் அவர் பக்கங்களில் உரிய இடம் பெற்றிருக்கின்றன. கபிலி நகைக்கு காம்-ஃபாப்ரேர், மொராக்கோவுக்கு பெசான்செனோ. இவர்கள் அனைவரும் களத்துக்குப் போனவர்கள். படத்தை மட்டும் பார்த்துப் படத்தோடு ஒப்பிடுகிற இன்றைய பழக்கம் இவர்கள் தோளில் ஏறி நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொள்வது போன்றது.

எஞ்சியிருப்பது மிகக் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். குடியானவர் வீட்டு வெள்ளி நகை என்பது சேமிப்பு. பஞ்சம் வந்தால் உருகும், கல்யாணம் வந்தாலும் உருகும். பாட்டியின் தண்டையை எடைக்குப் போட்டுப் பேத்திக்குக் கொலுசு வாங்காத வீடு நம்மில் எத்தனை? 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 50 டாலரைத் தொட்டது போன்ற ஏற்றங்கள் வரும்போதெல்லாம் உலைக்களம் நிறைகிறது. எடை மிக்கதும் எளியதும் முதலில் போகும்; கல் வைத்த, வேலைப்பாடு மிகுந்த நகை தப்பும். இன்று நாம் ஓர் இனத்தின் பாணி என்று அழைப்பது, உருக்கத் தோதில்லாமல் மிஞ்சியவற்றின் பாணியாக இருக்கக்கூடும். அரைக்கால் அங்குலத் தடிப்பில், ஒரு கோடும் இல்லாமல், உழைத்த கையை வளைத்து நின்ற காப்புகள் எந்த நூலின் அட்டையிலும் இல்லை.

காரைக்குடித் தகட்டை வாங்கி வந்துவிட்டேன். திருப்பிப் பார்த்தால், தாமரையின் புடைப்பு முதுகில் பள்ளமாகத் தெரிகிறது. உளி விழுந்த தடங்கள் சீராக இல்லை. இடது வளையம் ஒருமுறை பிய்ந்து, வேறு கையால், வேறு பற்றாசால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டிய இடம் மஞ்சள் பாய்ந்திருக்கிறது. இரு வளையங்களிலும் கயிறு ஓடிய உட்பக்கம் பாதிக்கு மேல் அறுந்து நூலாகியிருக்கிறது. ஒரு குழந்தை இரண்டு மூன்று ஆண்டு கட்டினால் இவ்வளவு தேயாது. அக்காளுக்குக் கழற்றித் தங்கைக்குக் கட்டி, அவள் மகளுக்கும் கட்டியிருப்பார்கள். அதைப் பொதிந்துவைத்த துணிப்பையில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். செய்தது: வங்காள விரிகுடாவின் இரு கரைகளில் ஒன்றில், ஒரு கை, பழுது பார்த்தது இன்னொரு கை. அணிந்தது: ஒன்றுக்கு மேற்பட்ட சிறுமிகள். வாங்கியது: காரைக்குடி. தாமரையைப் பற்றிச் சீட்டில் ஒன்றும் எழுதவில்லை.